குரல் கேட்கிறது, சொல் பிடிபடவில்லை: காது மிஷின் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

காது மந்தம் என்றால் சத்தமே கேட்காது என்றுதான் நம் பக்கம் நினைக்கிறார்கள். எனக்கு வந்தது அப்படிப்பட்டதில்லை. பக்கத்து வீட்டு நாய் குரைப்பது கேட்கும், மெயின் ரோட்டில் போகும் பஸ் ஹாரன் கேட்கும், வீட்டுக்குள் யார் பேசினாலும் அந்தக் குரலும் கேட்கும். பேசியது என்ன என்பது மட்டும் பிடிபடாது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை யாராவது முதலிலேயே விளக்கியிருந்தால் 31,500 ரூபாயும், இரண்டு வருஷத்துக்கு மேல் பட்ட மன உளைச்சலும் எனக்கு மிச்சமாகியிருக்கும். காரணம், ஒன்றாம் வகுப்பில் படித்த உயிரெழுத்து, மெய்யெழுத்துக்குள்ளேயே இருக்கிறது. அதனால் கொஞ்சம் விலாவாரியாகவே எழுதுகிறேன்.

சோமனூர்ப் பக்கம் விசைத்தறிக் கூடத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். தறியில் நூலைக் கொண்டுபோகும் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிக்கும் சத்தத்துக்குள்ளேயே வயது போனது. ஐம்பத்தைந்து தாண்டியதும் பேத்தி பேசுவது முதலில் நழுவ ஆரம்பித்தது. சின்னப் பிள்ளை, மெல்லிய குரல், அதனால்தான் என்று விட்டுவிட்டேன். அடுத்து போன். அதற்கப்புறம் சமையலறையில் இருந்து வீட்டுக்காரி பேசுவது. "ஏனுங்க, நான் பாட்டுக்குப் பேசிட்டே இருக்கறேன், நீங்க சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கறீங்க" என்பாள். கேட்கவில்லை என்றால் கத்துவாள். கத்தினால் சத்தம் காதில் வந்து மோதும், சொல் அப்போதும் தெளியாது. "கத்தாதே, எனக்குக் காது கேக்குது" என்று நான் சொல்வதும், "கேட்டா ஏன் பதில் சொல்லல" என்று அவள் கேட்பதும் தினப்படி ஆனது. இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். அந்த நாட்களில் நான் விசேஷங்களுக்குப் போவதை நிறுத்தினேன். யாராவது ஏதாவது கேட்டு, நான் சம்பந்தமில்லாமல் தலையாட்டி, அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதைத் தாங்க முடியவில்லை.

முதலில் போனது காது மூக்கு தொண்டை டாக்டரிடம். குறும்பி எடுத்தார், செவிப்பறை நன்றாக இருக்கிறது, வயசாகுதுல்ல என்றார். அடுத்து, போனில் வந்த விளம்பரத்தைப் பார்த்து 3,500 ரூபாய்க்கு ஒரு கருவி வரவழைத்தோம். காது மிஷின் என்று பெயர் போட்டிருந்தாலும் அது எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவில் ஏற்றிக் கொடுக்கும் வெறும் பெருக்கி. போட்ட உடனே ஃபேன் சத்தமும் மிக்ஸி சத்தமும் மண்டைக்குள் இறங்கின. பேச்சு பழையபடியே கலங்கல். அதற்குப் பிறகு ஊரில் இலவசக் காது பரிசோதனை முகாம் என்று ஒரு கம்பெனி நடத்தியது. மண்டபத்து வராண்டாவில், ஆள் நடமாட்டத்துக்கு நடுவே, ஹெட்போனை மாட்டிச் சில நிமிஷம் பீப் சத்தம் கேட்க வைத்தார்கள். ஒரு காதுக்கு மட்டும் 28,000 ரூபாயில் மிஷின். காதை இறுக்கி அடைக்கும் ரப்பர் முனை வைத்து அனுப்பிவிட்டார்கள். என் குரலே குடத்துக்குள் இருந்து பேசுவது போல முழங்கியது. திரும்பப் போய்க் கேட்டால் "பழகப் பழகச் சரியாயிரும்" என்ற பதில்தான். சில மாதத்தில் அதைக் கழற்றி டிராயரில் போட்டேன். இனி இப்படித்தான் என்று மனதுக்குள் முடிவு கட்டிய காலம் அது. பணம் போனதைவிட அந்த முடிவுதான் என்னை அதிகம் வாட்டியது.

என் மகள்தான் விடவில்லை. கோயமுத்தூரில் ஒரு ஆடியாலஜிஸ்டிடம் நேரம் வாங்கிக் கூட்டிப் போனாள். இவர்கள் டாக்டரிலிருந்து வேறு. செவித்திறனும் பேச்சும் மட்டுமே படித்தவர்கள். சத்தம் புகாத அறையில் உட்கார வைத்து, கீழ்ச்சுருதி ஒலியிலிருந்து கூர்மையான மேல்சுருதி ஒலி வரை ஒவ்வொன்றாகக் கொடுத்து, எவ்வளவு சத்தத்தில் எனக்குக் கேட்க ஆரம்பிக்கிறது என்று கட்டம் போட்ட தாளில் குறித்தார் அந்தப் பெண். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. அதன் பெயர் ஆடியோகிராம். ஹெர்ட்ஸ் என்பது ஒலியின் சுருதி அளவு, டெசிபல் என்பது சத்தத்தின் அளவு; கேட்கத் தேவைப்படும் டெசிபல் கூடக் கூடக் காது மோசம். வலது காதில் 250, 500 ஹெர்ட்ஸில் என் அளவு 20 டெசிபலுக்குள் இருந்தது. அது நல்ல காதின் அளவு. 1,000-த்தில் 25. 2,000-த்தில் 45. 4,000-த்தில் 70-க்குப் போய்விட்டது. அதைத் தாண்டி 8,000-த்தில் கொஞ்சம் தேறி 55. அந்த 4,000-த்துப் பள்ளத்தைப் பென்சிலால் தொட்டு, "தறியில வேலை பாத்தீங்களா சார்?" என்று கேட்டார். நான் தொழிலைப் பற்றி வாயே திறக்கவில்லை. இடைவிடாத இரைச்சலில் கெட்ட காது இந்த இடத்தில்தான் முதலில் பள்ளம் விழும் என்றார்.

முகாமில் யாரும் செய்யாத ஒன்றை அடுத்து செய்தார். வாயை ஒரு தாளால் மறைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி, என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். அவர் "பால்" என்றார், நான் "கால்" என்றேன். "பல்" என்றதற்குக் "கல்" என்றேன். "தீ" என்றதற்கு "பீ…" என்று தயங்கி நின்றேன். 25 சொல்லில் 15 சரி. அப்புறம் அந்தத் தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நான் தப்பாகச் சொன்ன ஒவ்வொரு சொல்லிலும் உயிர் சரியாக இருந்தது. ஆ வந்த இடத்தில் ஆ, ஈ வந்த இடத்தில் ஈ, குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். மாறியிருந்தது எல்லாமே மெய். என் வீட்டில் இரண்டு வருஷம் நடந்த சண்டைக்கு அந்தத் தாளில் விடை இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் விளக்கியதையும் பிறகு நானும் மகளும் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். உயிரொலி வரும்போது குரல்வளையில் நாண்கள் அதிரும், வாய்க்குள் காற்றுக்குத் தடை இருக்காது. நாக்கும் உதடும் வாய்க்குள் இருக்கும் இடத்தின் வடிவத்தை மாற்றுவதால் ஆ, ஈ, ஊ என்று வேறுபடுகிறது. தடை இல்லாததால் அது சத்தமானது, நீளமானது. அதன் வலு பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழேயே நிற்கிறது. ப், த், ட், க் போன்ற வல்லின மெய் தடையால் பிறப்பது. ஒரு கணம் காற்றை முழுக்க அடைத்து, சட்டென்று விடுவது. அந்த வெடிப்பு நொடியில் நூற்றில் சில பங்குதான். ச், ஸ், ஷ் என்பவை இடுக்கில் காற்று உரசும் ஒலிகள், அவற்றின் வலு பெரும்பாலும் 2,000-த்துக்கு மேலே. பள்ளிக்கூடத்தில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று ஒப்பித்தோமே, அந்த அரை மாத்திரையில்தான் பாலா காலா என்பது தீர்மானமாகிறது. பேச்சின் சத்தத்தைத் தருவது உயிர், சொல்லை அடையாளம் காட்டுவதில் பெரும் பங்கு மெய்க்கு. என் காதில் போயிருந்தது அந்த மேல்பகுதி. அதனால் "குரல் கேட்கிறது, சொல் புரியவில்லை" என்று நான் சொன்னது அட்சரசுத்தமான உண்மை.

மெய் அப்படியொன்றும் தனியாக நிற்பதுமில்லை. இது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. சின்ன வயதில் மெய்யெழுத்தை எப்படி ஒப்பித்தோம்? இக், இங், இச், இஞ். முன்னால் ஒரு இ வைக்காமல் க்-ஐ வாயில் கொண்டுவரவே முடியவில்லை. மகள் லேப்டாப்பில் பிராட் என்ற இலவச மென்பொருளைப் போட்டுத் தந்தாள். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவானது, ஒலியைப் படமாக வரைந்து காட்டும். அவள் முத்து, முட்டு, முக்கு என்று மூன்று சொல்லைப் பேசிப் பதிவு செய்தாள். படத்தில் மு-வுக்குக் கறுப்புப் பட்டைகள், பிறகு வெள்ளையாக ஒரு இடைவெளி, மெல்லிய ஒரு கோடு, மறுபடி உ-வின் பட்டைகள். அந்த வெள்ளைதான் த்த், ட்ட், க்க். அதாவது வெறும் நிசப்தம். மூன்று சொல்லிலும் நடுவில் இருப்பது ஒரே நிசப்தம்தான். அந்தக் கோட்டை மட்டும் வெட்டித் தனியாகப் போட்டால் 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம். அது எந்த எழுத்தாகவும் கேட்கவில்லை என்று மகள் சொன்னாள். ஆனால் முட்டுவில் வெள்ளைக்கு முன்னால் இருந்த முதல் பாதியை மட்டும் போட்டபோது, "ட் வரப்போகுதுன்னு இங்கயே தெரியுதுப்பா" என்றாள். நாக்கு மடிந்து மேலே போகத் தொடங்குவது உயிர் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே நடப்பதால், உயிரின் கடைசிப் பகுதியில் ட்-இன் தடம் விழுந்துவிடுகிறது. படத்தில் பட்டைகள் வளைவது கண்ணுக்கே தெரிகிறது. இப்படி நாக்கை மடித்துச் சொல்லும் நாமடி ஒலிகளுக்கு இந்தத் தடம் முன்னால் வரும் உயிரில்தான் நன்றாகப் பதியும். ட, ண, ள தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது என்று இலக்கணத்தில் படித்ததை இதோடு சேர்த்துப் பார்த்தபோது, ஒலிக்கு ஏற்றபடிதான் மொழி உட்கார்ந்திருக்கிறது என்று தோன்றியது.

இதை முதலில் ஆராய்ந்து காட்டியவர்களில் முக்கியமானவர்கள் அமெரிக்காவில் ஹாஸ்கின்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபிராங்க்ளின் கூப்பர், ஆல்வின் லிபர்மன், பியர் டெலாத்ர். அந்த ஆய்வகத்தார் இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்தவர்களுக்காக, புத்தகத்தை ஒலியாக வாசிக்கும் கருவி செய்யப் புறப்பட்டார்கள். எழுத்துக்கு ஒரு ஒலி என்று வைத்தால் முடிந்தது என்று நினைத்த வேலை, அப்படி முடியவில்லை. 1950-களில் ஒலிப்படத்தைப் பெயிண்டால் வரைந்து ஒரு கருவியில் ஓட்டிப் பேச வைத்துப் பார்த்ததில், மெய்யின் அடையாளம் பக்கத்து உயிருக்குள் பரவிக் கிடப்பது தெரிந்தது. டி-யையும் டு-வையும் எவ்வளவு வெட்டினாலும், உயிர் ஒட்டாத, இரண்டுக்கும் பொதுவான ட் ஒன்று கிடைக்கவில்லை. எனக்கு இது எங்கே உதவியது என்றால், உயிர் நன்றாகக் கேட்டும் அதிலுள்ள தடம் ஏன் எனக்குக் கிடைக்கவில்லை என்பதில். தடம் பெரும்பாலும், ஒலிப்படத்தில் கீழிருந்து எண்ணினால் இரண்டாம், மூன்றாம் பட்டைகளில் இருக்கிறது. அவை 1,000-க்கு மேலே, 2,500-ஐ ஒட்டிப் போகிறவை. என் காது இறங்கத் தொடங்குவதும் அங்கேதான். ல, ள, ழ மூன்றும் எனக்கு ஒன்றாகிப்போனதும் இதனால்தான். ம், ன் போன்ற மெல்லினம் தப்பித்தது, அவற்றின் வலு கீழேயே இருப்பதால்.

வீட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இங்கேதான் வருகிறது. கத்தாதீர்கள். கத்தும்போது பெருகுவது உயிர்தான். ப்-ஐயோ த்-ஐயோ எவ்வளவு முக்கினாலும் அதே அளவுக்குப் பெரிதாக்க முடியாது. போதாததற்கு, பலத்த கீழ்ச்சுருதி ஒலி அதற்கு மேலே உள்ள மெல்லிய ஒலியை மறைத்துவிடும். கத்திய ஆ, பக்கத்தில் நிற்கும் ச்-ஐ விழுங்கிவிடுகிறது. கல்யாண மண்டபத்திலும் இதே கதை. ஓடு பதித்த சுவரில் மோதித் திரும்பும் உயிரின் வால், அடுத்த மெய் வரும் இடத்தில் வந்து விழுகிறது. அதனால் பக்கத்தில் வந்து, முகத்தில் வெளிச்சம் விழும்படி நின்று, இயல்பான குரலில் கொஞ்சம் நிதானமாகப் பேசினால் போதும். புரியவில்லை என்றால் அதே சொல்லை ஐந்தாறு தடவை சொல்வதைவிட வேறு சொல்லால் மாற்றிச் சொல்லுங்கள். எழுபது, எண்பது எனக்கு ஒரே மாதிரி விழும். இப்போது என் மனைவி "ஏழு, சைபர்" என்று இலக்கமாகச் சொல்கிறாள். காய்கறிக் கடைக்காரரிடமும் அப்படியே கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

முகத்தைப் பார்க்கச் சொல்வது மரியாதைக்காக மட்டும் இல்லை. காது தவறவிடுவதைக் கண் பிடித்துக்கொடுக்கிறது. பாலில் உதடு மூடும், காலில் மூடாது. எனக்குக் காதில் குழம்பும் இந்த இரண்டும் கண்ணுக்குத் தெள்ளத் தெளிவு. மாறாகப் ப-வும் ம-வும் உதட்டில் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் ம-வின் மூக்கொலி எனக்குக் காதில் கேட்கும். இப்படி ஒன்றுக்கொன்று கைகொடுப்பதால்தான் நேரில் பேசுவது ஓரளவு புரிந்து, போனில் மட்டும் திணறியிருக்கிறேன். இப்போது பேத்தியோடு வீடியோ காலில்தான் பேசுகிறேன்.

புது மிஷின் இரண்டு காதுக்கும் சேர்த்து 64,000 ரூபாய் ஆனது. விலையைவிட, அதை எப்படிப் பொருத்தினார்கள் என்பதுதான் முக்கியம். என் ஆடியோகிராமைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கீழ்ச்சுருதியைத் தொடாமல் விட்டு, 2,000-த்துக்கு மேலே உள்ளதை மட்டும் தேவைப்பட்ட அளவுக்குத் தூக்கினார்கள். காதை அடைக்காத, ஓட்டை வைத்த முனை. உயிர் இயல்பாக உள்ளே வரட்டும், மெய்யை மட்டும் மிஷின் எடுத்துக் கொடுக்கட்டும் என்றார் அந்தப் பெண். பழைய இறுக்கமான முனையில் என் குரல் முழங்கியதற்கும் காரணம் சொன்னார். காதை அடைத்தால் நாம் பேசும் உயிரொலி, அதிலும் ஈ, ஊ, எலும்பு வழியாக வந்து வெளியேற வழியில்லாமல் உள்ளேயே பெருகும். காதை விரலால் அடைத்துக்கொண்டு ஈ என்று சொல்லிப் பாருங்கள், தெரியும். கடைசியாக ஒரு மெல்லிய குழாயைக் காதுக்குள் விட்டு, செவிப்பறைக்குப் பக்கத்தில் உண்மையில் எவ்வளவு சத்தம் வந்து சேர்கிறது என்று அளந்தார்கள். முதல் சில வாரம் பேப்பர் புரட்டும் சத்தமும், தாளிக்கும்போது கடுகு வெடிப்பதும், என் வாயிலிருந்தே வரும் ச-வும் கூர்மையாகக் குத்தின. மூளை அந்த ஒலிகளை மறந்து பல வருஷம் ஆகியிருந்ததால் அப்படி. காலையில் கொஞ்ச நேரம் என்று ஆரம்பித்து நாள் முழுக்கப் போடும் அளவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மறுபடி சொற்களைச் சொல்லிச் சோதித்தபோது 25-க்கு 21 வந்தது. மீதி நான்கு வரவில்லை, வராது என்றும் சொல்லிவிட்டார்கள். உள்காதில் செத்துப்போன மயிரணுக்கள் திரும்ப முளைக்காது.

வாங்கப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் ஆடியோகிராமைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்கள் சொத்து. சொற்களைச் சொல்லிச் செய்யும் சோதனையும் செய்தீர்களா, எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். பீப் சத்தம் மட்டும் வைத்து மிஷின் விற்கும் இடமாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். சோதிப்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம், நல்லவர்கள் தாங்களே எண்ணைக் காட்டுவார்கள். கொஞ்ச நாள் போட்டுப் பார்த்துவிட்டு வாங்க அனுமதி உண்டா, செட்டிங் மாற்றத் திரும்ப வந்தால் தனிக் காசா என்பதை எழுத்தில் வாங்குங்கள். வசதி இல்லாதவர்கள் முதலில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சோதனை செய்துகொள்ளலாம். தகுதி உள்ளவர்களுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக மிஷின் இலவசமாகவே கிடைக்கிறது. இன்னொன்று. காது திடீரென்று, ஒரே நாளில் அடைத்துப்போனால் மிஷின் கடைக்குப் போகாதீர்கள். அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஓடுங்கள், முதல் சில நாளுக்குள் மருந்து ஆரம்பித்தால்தான் திரும்ப வாய்ப்பு அதிகம். ஒரு காது மட்டும் மந்தமாவதும் டாக்டர் பார்க்க வேண்டியதுதான்.

இன்றைக்குத் தறியில் நிற்கும் தம்பிகளுக்கு: எட்டு மணி நேர ஷிப்டுக்கு 90 டெசிபல்தான் தொழிற்சாலை விதிகளில் உள்ள உச்ச வரம்பு. தறிக்கூடம் சர்வசாதாரணமாக அதைத் தாண்டும். பக்கத்தில் நிற்பவனிடம் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது என்றால் காதுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று அர்த்தம். வெறும் பஞ்சு அடைப்பது போதாது, அது சத்தத்தை அவ்வளவாகத் தடுக்காது. மெடிக்கலில் கிடைக்கும் நுரை அடைப்பானைக் கழுவிய விரலால் மெல்லிசாக உருட்டி, மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, உள்ளே விட்டு, அது விரிந்து முடியும் வரை அரை நிமிஷம் விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சரியாக இறங்கவில்லை, எடுத்துவிட்டு மறுபடி உருட்டுங்கள்.